நம் தெருக் காற்றை நாமே அளப்போம்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். கல்வியின் பயன் குறித்து எனக்கு முன் பேசியவர்கள் அழகாகவும் விரிவாகவும் கூறிவிட்டனர். ஆகவே நான் காற்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். தலைப்பை விட்டு விலகுவதாக எவரும் கருத வேண்டா. சங்கத்தின் செயற்குழு முன் இப்பொழுது ஒரு தீர்மானம் இருக்கின்றது. வெள்ளிவிழா நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு பத்துச் சிறு காற்றளவைக் கருவிகள் வாங்குவது, நம் இளைஞர்க்கு அவற்றைக் கையாளும் பயிற்சி அளிப்பது என்பதே அது. செயற்குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்துள்ளது. மாலை வகுப்புக் கூடத்தின் கூரை ஒழுகும்பொழுது காற்றை அளந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். அது நியாயமான கேள்வி. அதனை ஏளனம் செய்யாமல் விடை கூறுவதே என் நோக்கம்.

நாம் வாழ்வது வடசென்னை. நம் மேற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. வடக்கே மணலி ஆலைகள். அதற்கப்பால் எண்ணூர் அனல்மின் நிலையங்கள். கிழக்கே துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக நின்று புகை கக்கும் சாலை. நம் வீட்டுப் பெண்கள் கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணி மாலையில் எந்நிறத்தில் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. இங்குக் காற்று கெட்டிருக்கிறது என்பதற்குக் கருவி எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்குக் கருவி தேவையில்லை, ஐயா. அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவரிடம் சொல்வதற்குத்தான் தேவை. 'மூச்சு முட்டுகிறது' என்று எழுதிய மனுவுக்கு என்ன மதிப்பு என்பதை முப்பது ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்துவரும் ஆசிரியன் என்ற முறையில் நான் நன்கறிவேன். 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. இன்ன தெருவில், இன்ன நாள்களில், விடியற்காலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை இவ்வளவு என்று எண்ணோடு எழுதிய மனுவுக்கு அவ்வாறு விடை எழுதுவது சற்றுக் கடினம்.

இனி, அளக்கப்படுவது யாது என்று பார்ப்போம். புகையில் பல பொருள்கள் உள. அவற்றுள் உடலுக்குப் பெருங்கேடு விளைப்பதாக அறிஞர்கள் முதன்மையாகக் கொள்வது நுண்துகளை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ ஐம்பது முதல் எழுபது மைக்ரான். இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைந்தும் உள்ள துகள்களைப் பி.எம். 2.5 என்பர். மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இந்நுண்துகளோ நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்கும். அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கும். இருமலும் ஆஸ்துமாவும் மட்டுமன்றி மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் பெருகுகின்றன. வீட்டு அடுப்புப் புகையும் வெளிக்காற்று மாசும் சேர்ந்து உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் உயிர்களைக் குடிப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்பதே அளவு. ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று அந்நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டில் 2009-இல் விதித்த அளவு ஆண்டுச் சராசரிக்கு 40. ஒரு நாளைக்கு 60. உலக அளவுக்கும் நம் நாட்டு அளவுக்கும் எட்டு மடங்கு வேறுபாடு. நம் நுரையீரல் எட்டு மடங்கு வலிமையுடையது என்று எவரும் ஆய்ந்து கூறியதாக நான் படித்ததில்லை.

அரசு அளக்கவில்லையா என்று கேட்கலாம். அளக்கிறது. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மைய வாரியமும் மாநில வாரியமும் நிலையங்கள் அமைத்துள்ளன. இரு வகை நிலையங்கள் உண்டு. ஒன்றில், வடிதாளின் வழியே காற்றை இழுத்து, தாளின் எடையை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பர். வாரம் இருமுறை, ஆண்டுக்கு 104 நாள் என்பது அதன் விதி. மற்றொன்று, இடைவிடாது தானே அளந்து அனுப்பும் தானியங்கி நிலையம். சென்னையில் மணலி, கொடுங்கையூர், இராயபுரம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, அரும்பாக்கம் முதலிய இடங்களில் இவை அமைந்தன. இவற்றைக் குறைகூறுவது என் கருத்தன்று. இவை செம்மையான கருவிகள். ஆனால் ஒரு தானியங்கி நிலையம் அமைக்க ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். ஆகவே எண்ணிக்கை குறைவு. எங்கு வைக்கப்பட்டதோ அங்குள்ள காற்றையே அது அறியும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சந்தில் ரப்பரும் மின்கம்பியும் எரித்துச் செம்பு எடுக்கின்றார்கள் எனில் அந்நிலையத்திற்கு அது தெரியாது. எங்கே அளக்கிறார்களோ அங்கேதான் மாசு இருப்பதாகக் கணக்கு. அளக்காத இடம் கணக்கில் தூய இடம்.

இங்கேதான் சிறு கருவி வருகிறது. அதன் வேலை முறையை நம் மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துள்ளனர், டிண்டால் விளைவு என்ற பெயரில். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக அதனை மனப்பாடம் செய்து மறந்தவர்கள் இங்குப் பலர் இருப்பீர்கள். ஆனால் பாடநூலுக்கு முன்பே நாம் அனைவரும் கண்டது அது. ஓலைக் கூரையின் பொத்தல் வழியே வெயில் ஒரு கோடாக விழும். அக்கோட்டில் தூசி மினுமினுக்கும். கோட்டிற்கு வெளியே தூசி இல்லையென்பதன்று. ஒளி பட்டால்தான் தெரியும். கருவியினுள் வெயிலுக்குப் பதில் லேசர் ஒளி; நம் கண்ணுக்குப் பதில் ஒளியை மின்சாரமாக்கும் ஒரு சிறு உணரி. ஒரு விசிறி காற்றை உள்ளிழுக்கிறது. துகள் ஒளியைக் கடக்கும்பொழுது ஒளி சிதறுகிறது. சிதறல்களை எண்ணி, அவற்றின் வலிமையைக் கொண்டு துகளின் பருமனை மதிப்பிட்டு, எடையாகக் கணக்கிட்டுக் கருவி சொல்கிறது. தீப்பெட்டியினும் சற்றுப் பெரியதான இவ்வுறுப்பின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். இதனோடு வெப்பமும் ஈரப்பதமும் அறியும் உணரி, இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ்., செல்பேசிக்குரிய சிம் அட்டை, ஒரு மின்கலம் ஆகியவற்றைச் சேர்த்தால் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவி ஆயிற்று. நிமிடத்திற்கொரு முறை அளந்து, அளந்த இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, தானே இணையத்தின் வழிக் கணிப்பொறிக்கு அனுப்பிவிடும்.

கையிலெடுத்துச் செல்வதால் என்ன பயன்? மனிதன் கம்பத்தில் கட்டப்பட்டவன் அல்லன். அவன் நடக்கிறான். 2019-இல் இலண்டனில் ஐந்து தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 250-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர்க்கு அளவைக் கருவி பொருத்திய முதுகுப் பைகள் கொடுத்தனர். ஒரு வாரம் அப்பிள்ளைகள் அவற்றைச் சுமந்து பள்ளிக்குச் சென்று வந்தனர். வகுப்பறையில் இருக்கும்பொழுதைவிடப் பள்ளிக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மிகுந்த மாசை அவர்கள் மூச்சாக இழுத்தனர் என்பது தெரிந்தது. பெருஞ்சாலை வழியே சென்றவர் மிகுதியாகவும் உட்தெரு வழியே சென்றவர் குறைவாகவும் இழுத்தனர். இதற்கு முன்பே 2010-இல் தில்லியில் ஜோஷுவா ஆப்தே என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் கருவிகளோடு ஆட்டோவில் ஏறி மாதக்கணக்கில் சுற்றினார். நகரின் பின்னணிக் காற்றில் இருந்ததைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நுண்துகளும், அதனினும் பன்மடங்கு கரித்துகளும் ஆட்டோவினுள் இருந்தன. நம் இளைஞர்களில் எத்தனை பேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் சுமக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் துடைப்பமேந்திச் சாலைத் தூசியைக் கிளப்பும் நம் தாய்மார்களைப் பற்றி நான் தனியே கூறவும் வேண்டுமோ? மாடியில் நிற்கும் நிலையம் அவர்கள் மூச்சை அறியாது.

அதே ஆப்தே பின்னர் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தெருப்படம் எடுக்கும் கூகுள் நிறுவனத்தின் இரண்டு மகிழுந்துகளில் அளவைக் கருவிகளைப் பொருத்தி, 2015, 2016-ஆம் ஆண்டுகளில் ஓராண்டுக் காலம் அந்நகரின் சில பகுதிகளின் தெருக்களில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஏறத்தாழ 30 லட்சம் அளவீடுகள் சேர்ந்தன. 2017-இல் முடிவு வெளிவந்தது. ஒரே நகருக்குள், சில நூறு மீட்டர் இடைவெளியில், மாசு ஐந்து முதல் எட்டு மடங்கு வரை வேறுபட்டது.

ஓக்லாந்தின் மேற்குப் பகுதி, கறுப்பின மக்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. ஒரு புறம் துறைமுகம்; சுற்றிலும் நெடுஞ்சாலைகள். அந்நகரில் இரு நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ ஒரே திசையில் செல்கின்றன. வசதி படைத்தோர் வாழும் குன்றடி வழிச் செல்லும் 580-ஆம் எண் சாலையில் கனரக லாரிகள் செல்லத் தடை. அந்த லாரிகள் யாவும் ஏழை மக்கள் குடியிருக்கும் 880-ஆம் எண் சாலைக்குத் திருப்பப்பட்டன. இதைக் கேட்கும்பொழுது உங்கள் முகங்களில் ஒரு புன்னகை தோன்றுவதை நான் காண்கிறேன். கடல் கடந்தாலும் லாரிக்கு வழி தெரிகிறது!

ஆனால் அம்மக்கள் மகிழுந்து வரும்வரை காத்திருக்கவில்லை என்பதே நமக்குப் பாடம். மார்கரெட் கார்டன் என்ற கறுப்பினப் பெண்மணியும் அவர்தம் தோழர்களும் ஓர் அமைப்பு கண்டு, தெருமுனையில் நாற்காலி போட்டு அமர்ந்து, எத்தனை லாரி எத்திசையில் செல்கிறது என்று கையால் எண்ணினர். பிறகு பல்கலைக்கழகத்தாரைக் கூட்டாளிகளாக்கினர். 2017-இல் அங்கு நூறு கரித்துகள் கருவிகளை நூறு நாள் வைத்தபொழுது, வைக்க இடம் கொடுத்தவர்களில் பலர் அவ்வூர்க் குடிமக்கள். வீட்டு முற்றத்திலும் வேலியிலும் அவை தொங்கின. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம், மாசு மிகுந்த குடியிருப்புகளில் மக்களோடு சேர்ந்து அளந்து திட்டம் தீட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2019-இல் மேற்கு ஓக்லாந்துக்கு ஒரு செயல் திட்டம் உருவாயிற்று. அதனை வகுத்த குழுவில் குடிமக்கள் சம இருக்கையில் அமர்ந்தனர். ஆய்வாளர் அளந்து, கட்டுரை எழுதி, பட்டம் பெற்றுப் போய்விடுவது ஒரு வகை. அளக்கப்பட்டவர்களே அளவைப் பலகையின் முன் அமர்வது மற்றொரு வகை. நம் சங்கம் எவ்வகையை நாட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இது நமக்குப் புதிதும் அன்று. லூசியானா மாநிலத்தில் நார்கோ என்னும் ஊரில், ஷெல் நிறுவனத்தின் இரசாயன ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவில் நான்கு தெருக்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். மார்ஜி ரிச்சர்ட் என்ற பள்ளி ஆசிரியை அவர்களைத் திரட்டினார். அவர்கள் கையில் இருந்த கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு பை. உறிஞ்சியால் காற்றைப் பைக்குள் இழுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். 2002-இல் நிறுவனம் அக்குடும்பங்களுக்கு வேறிடம் தேட உதவ ஒப்புக்கொண்டது. 2004-இல் அந்த ஆசிரியைக்குக் கோல்ட்மேன் பரிசு கிடைத்தது. அதே 2004-ஆம் ஆண்டில்தான் அதே வாளி நம் கடலூருக்கு வந்தது. சிப்காட் வளாகத்தை ஒட்டிய சிற்றூர் மக்கள் பயிற்சி பெற்று, எந்நாள் எம்மணிக்கு எந்த நாற்றம் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதி, நாற்றம் வந்த பொழுதில் வாளியில் காற்றைப் பிடித்தனர். அக்காற்றில் 20-க்கும் மேற்பட்ட நச்சு இரசாயனங்கள் இருந்தன. அவர்கள் பட்டதாரிகள் அல்லர், வயலில் உழைப்பவர்கள்.

இனிக் கருவியின் குறைகளைச் சொல்கிறேன். இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஏனெனில் நம் எதிரில் அமர்பவர் இதனைத்தான் முதலில் கேட்பார்.

முதலாவது ஈரம். நுண்துகள்களில் பல, உப்பைப் போல ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் மிகுந்த ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதனை மிகுந்த மாசு என்று கணக்கிடும். மார்கழி விடியலில் பனி படர்ந்திருக்கையில் சிறு கருவி காட்டும் எண்ணை அப்படியே பத்திரிகைக்குக் கொடுத்தால், வாரியப் பொறியாளர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் நம் வழக்கை உடைத்துவிடுவார். வடிதாள் முறையில் தாளை உலர்த்தி நிறுப்பதால் இச்சிக்கல் குறைவு. இதற்கு மாற்று உண்டு. நம் கருவிகளை அரசு நிலையத்தின் அருகில் சில வாரம் வைத்து, இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, திருத்த வாய்பாடு காண வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அங்கு மக்கள் பெரிதும் பயன்படுத்தும் ஒரு வகைக் கருவிக்கு இத்தகைய வாய்பாட்டைக் கண்டது. கருவி காட்டும் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரப்பதத்திற்கேற்பக் கழித்து, ஒரு நிலை எண்ணைக் கூட்ட வேண்டும் என்கிறது அது. அவ்வாய்பாட்டை இங்கே அப்படியே பயன்படுத்தலாகாது. அவர்கள் புகை வேறு, நம் புகை வேறு, நம் கடற்காற்று வேறு. நம் வாய்பாட்டை நாம்தான் காண வேண்டும். பத்தாம் வகுப்பில் நேர்க்கோட்டுச் சமன்பாடு எதற்கு என்று கேட்ட மாணவர்களுக்கு இதோ விடை.

இரண்டாவது, இக்கருவி எல்லாவற்றையும் அறியாது. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். அன்று அத்தெருவில் நம் துகள் கருவி இருந்திருந்தாலும் அது அம்மோனியாவைக் காட்டியிராது. வாயுக்களை அறிய வேறு உணரிகள் உள்ளன. அவை ஒரு வாயுவை இன்னொன்றாக மயங்கும், ஓரிரு ஆண்டில் தளரும், விலையும் மிகுதி. ஆகவே மூக்கும் குறிப்பேடும் இன்னும் வேண்டும். கடலூரார் கற்றுத் தந்தது பழமையாகிவிடவில்லை. சாலையில் எழும் பருந்தூசியையும் இச்சிறு கருவி குறைத்தே எண்ணும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

மூன்றாவது, ஒருமுறை அளந்தது அளவன்று. வண்டியில் எடுத்துச் செல்கையில் முன்னே ஒரு பழைய லாரி சென்றால் எண் தாவும். அதே தெருவில் வேறு வேறு நாளில், வேறு வேறு பொழுதில், பத்து இருபது முறையாவது சென்று சராசரி காண வேண்டும். டீக்கடை அடுப்பருகே கருவியைப் பிடித்துவிட்டு நகரமே எரிகிறது என்று கூவலாகாது. இவ்வேலையில் பொறுமையே பெரும்பகுதி.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி ஆலையின் புகைபோக்கியிலிருந்து முறைப்படி வாரியம் எடுத்த மாதிரியே வழக்கில் சான்றாகும். நம் எண் தீர்ப்பு ஆகாது. ஆயினும் வாரியத்தை அவ்விடத்திற்கு வரவழைக்கும் அழைப்பாகும். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நம் சென்னையிலேயே உள்ளது. பாதிக்கப்பட்டவர் எவரும் அங்கு மனுச் செய்யலாம். தூய காற்றுக்கான தேசியத் திட்டம் 2019-இல் தொடங்கி 131 நகரங்களைத் தழுவியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும் அதில் அடங்கின. அத்திட்டத்தின் பணம் எத்தெருவில் செலவாயிற்று என்று கேட்பதற்கும் தெருவாரியான எண் வேண்டும். 2022-இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பொது வாகனங்களில் இணையக் கருவி பொருத்தி நகர் முழுதும் அளக்கும் முறையை அறிவித்தனர். அதன் பெயரே 'காற்று'. அவர்களிடம் சென்று கற்கலாம். வாசற்படி உயரமாகத் தோன்றினும் ஏறிச் சென்று கதவைத் தட்ட வேண்டும்.

எண் ஒரு மனித உயிருக்கு என்ன செய்யும் என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. இலண்டனில் எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி, ஓயாது வண்டிகள் ஓடும் வட்டச் சாலை ஒன்றிலிருந்து முப்பது மீட்டருக்குள் குடியிருந்தாள். மூன்றாண்டில் இருபத்தைந்து தடவைக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் இறந்தாள். மூச்சுத் திணறல் என்று எழுதி 2014-இல் விசாரணை முடிந்தது. அவள் தாய் ரோசமண்ட் ஓர் ஆசிரியை. அவர் அதனோடு விடவில்லை. வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்த அளவை நிலையத்தின் பதிவேடுகளை ஹோல்கேட் என்ற மருத்துவப் பேராசிரியர் எடுத்து, சிறுமி நோயுற்ற நாள்களோடு வைத்துப் பார்த்தார். 2019-இல் உயர்நீதிமன்றம் முதல் முடிவை நீக்கியது. 2020 டிசம்பரில், இறப்புக்குக் காற்று மாசும் காரணம் என்று எழுதப்பட்டது. பிரிட்டனில் அவ்வாறு எழுதப்பட்டது அதுவே முதன்முறை. ஒரு மைல் தொலைவில் ஒரு நிலையம் இருந்தது. அதனால் எழுத முடிந்தது. நம் தெருவில் இருமி இருமி இறந்த பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் காற்று என்ற சொல் இராது.

இன்னுமோர் அச்சத்தை நான் மறைக்க விரும்பவில்லை. நம் தெருவைச் சிவப்பு நிறமாகக் காட்டும் படம் வெளிவந்தால், 'இவ்விடம் வாழத் தகுதியற்றது, இவர்களை அப்புறப்படுத்துங்கள்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆற்றங்கரையில் இருந்தவர்களைச் சுற்றுச்சூழலின் பெயரால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பிய வரலாறு நம் கண்முன் நடந்தது. நார்கோ மக்கள் இடம்பெயர வேண்டும் என்று தாங்களே கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. ஆகவே நம் படம் வெளிவரும் அன்றே நம் கோரிக்கையும் உடன் வெளிவர வேண்டும். புகை போக வேண்டும், குடியிருப்பு இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் முதல் வரியாக வைக்க வேண்டும். எந்தத் தெருவின் எண்களை எப்பொழுது வெளியிடுவது என்பதை அத்தெருவாரைக் கூட்டிக் கேட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும். கருவியைச் சுமக்கும் நம் பெண்பிள்ளைகள் எந்நேரம் எவ்வழி நடந்தனர் என்பதும் அதில் பதிவாகும்; அப்பதிவை எவர் காணலாம் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். கருவியின் விற்பனையாளர் கையில் அதனை விட்டுவிடலாகாது.

கூரையா, கருவியா என்ற கேள்விக்கு வருகிறேன். 1927-இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்திய நாளில் நம் மக்களுக்குக் கூரையும் சோறும் இல்லாமல்தான் இருந்தன. அவை கிடைத்த பின்பு நீருரிமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருக்கவில்லை. எனினும் கூரை ஒழுகுவது ஒழுகுவதுதான். ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. பத்துக் கருவிக்குப் பதில் நான்கு வாங்குவோம். மீதித் தொகை கூரைக்குப் போகட்டும். நான்கில் ஒன்று எப்பொழுதும் கொடுங்கையூர் நிலையத்தின் அருகில், ஒப்பீட்டுக்காக நிற்கட்டும். அந்நிலையத்தை ஒட்டி வைக்க வாரியத்தின் இசைவு வேண்டும். அதற்குரிய விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன். ஒன்று குப்பைமேட்டை ஒட்டிய தெருவில், ஒரு வீட்டு மாடியில். மற்ற இரண்டும் நடக்கட்டும்: ஒன்று தூய்மைப் பணியாளர் ஒருவருடன், அவர் இசைந்தால், மற்றொன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுடன், பெற்றோர் இசைந்தால். பாலிடெக்னிக் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இருவர், கருவியைப் பிரித்துத் துடைக்கவும் மின்கலம் மாற்றவும் பொறுப்பேற்க முன்வந்துள்ளனர். கணக்கியல் படிக்கும் பெண்கள் மூவர் எண்களை ஒழுங்குபடுத்த இசைந்துள்ளனர். குறிப்பேடு எழுதும் வேலை இன்னும் எவரும் ஏற்காமல் இருக்கிறது. அது மூத்தோர்க்குரிய வேலை. கையெழுத்து நன்றாக இருந்தால் போதும்.

ஒப்பீட்டுக்கு மூன்று வாரமாவது வேண்டும். போகியன்று விடியலில் நகரமெங்கும் பழையன கொளுத்தும்பொழுது நம் கருவிகள் ஆயத்தமாக இருக்க வேண்டுமெனில், மார்கழி பிறக்குமுன் அவை நம் கைக்கு வந்தாக வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் நூலக அறையில் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம்.